பாவை இல்லாத மன்றம்

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாடஞ் சொல்லும்போது மாணவர்கள் ஓரிடத்திலே தவறாமல் தலை நிமிர்வார்கள். புகார் நகரத்து ஐந்து மன்றங்களை இளங்கோவடிகள் கூறும் இடம் அது. களவு செய்தவனைக் காட்டிக்கொடுப்பது வெள்ளிடை மன்றம். நீராடினார் நோய் தீர்ப்பது இலஞ்சி மன்றம். நஞ்சுண்டாரையும் பித்தேறினாரையும் காப்பது நெடுங்கல் நின்ற மன்றம். பொய்த்தவத்தாரையும் பொய்ச்சான்று கூறுவாரையும் புடைத்துண்ணும் பூதம் இருப்பது பூதசதுக்கம். இவ்வளவில் மாணவர்கள் பொலிஸ் நிலையம், ஆசுபத்திரி, நீதிமன்றம் என்று தமக்குள்ளே பெயர் சூட்டத் தொடங்கிவிடுவார்கள். யானும் தடுப்பதில்லை. ஐந்தாவது பாவை மன்றம். அங்கே ஒரு பாவை நிற்கின்றது. அரசன் செங்கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையிலே நடுநிலை பிறழ்ந்தாலும் அப்பாவை வாய் திறந்து ஒன்றுஞ் சொல்லாது. கண்ணீர் மட்டும் உகுக்கும்.

சென்ற தவணையிலே ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் கொழும்பு நகர மண்டபத்திலும் அப்படி ஒரு பாவை இருக்கிறதா?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன். வீடு திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளாக அம்மண்டபத்தின் முன்னே போய்வருகின்றேன். அதன் முகப்பிலே என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்பதை ஒருநாளாவது நின்று பார்த்தேனா? அடுத்த சனிக்கிழமை காலை, வெள்ளவத்தையிலிருந்து பேருந்தேறிப் போய், விகாரமகாதேவிப் பூங்காவின் ஓரத்திலே நின்று பார்த்தேன்.

வெண்மையான பெருங்கட்டடம். நடுவிலே கவிகை மாடம். அதன் கீழே உயர்ந்த தூண்வரிசை. இரு பக்கமும் சிறகுகள்போல நீண்ட மாடங்கள். அமெரிக்க நாட்டுச் சட்டமன்றத்தின் சாயல் உடையது என்று பலரும் கூறுவது பொருத்தமே. சிங்கப்பூரிலிருந்து தொழில் நடத்திய ரால்ப் பூட்டி கம்பனியைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் என்பவர் வகுத்த வரைபடம். 1924ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. அந்நாள் விக்டோரியா மகாராணியாரின் பிறந்தநாள்; அக்காலத்திலே பேரரசு நாள் எனக் கொண்டாடப்பட்டது. எதிரேயிருந்த பூங்காவுக்கும் அப்பொழுது விக்டோரியாவின் பெயரே. 1928ஆம் ஆண்டு மண்டபம் திறக்கப்பட்டது. இன்னும் சிறிது காலத்தில் அதற்கு நூறாண்டு நிறையும்.

அழகில்லை என்று சொல்ல மாட்டேன். அளவும் அமைதியும் உடைய கட்டடம். காலை வெயிலிலே பார்க்கப் பெருமிதமாகவே இருக்கின்றது. ஆயினும் அம்முகப்பைக் கட்டடத்தோடு பெயர்த்தெடுத்து உரோமாபுரியிலோ வாஷிங்டனிலோ வைத்தால், அங்குள்ளார் அதனை அயலானாகக் கருதமாட்டார்கள். இது கொழும்பு என்று சொல்லும் ஓர் இலை, ஒரு படகு, ஒரு முகம் அங்கே இல்லை. மாணவிக்கு விடை கிடைத்துவிட்டது. பாவை இல்லை.

இதற்கு முந்திய நகர மண்டபத்திலாவது உண்டா எனின், அந்தக் கதை இன்னும் சுவையானது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே கொழும்பு மாநகரசபை பிறந்தது. அதற்கென 1873ஆம் ஆண்டு புறக்கோட்டையிலே, கைமன் வாசலுக்கு அருகிலே, கட்டப்பட்டது பழைய நகர மண்டபம். கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடை வழியாக நடந்தே போய்விடலாம். அதை வகுத்தவர் ஸ்மிதர் என்னும் ஆங்கிலர்; 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையும் அவர் வகுத்ததே. இவர் அனுராதபுரத்துத் தூபிகளையும் தூண்களையும் அங்குலம் அங்குலமாக அளந்து, படம் வரைந்து, 1894இல் பெருநூலாக வெளியிட்டவர். சந்திரவட்டக்கல்லையும் காவற்கல்லையும் அவர்போல் உற்றுப் பார்த்த ஐரோப்பியர் மிகச் சிலர். அத்தகையவர் நகர மண்டபம் கட்ட நேர்ந்தபோது ஐரோப்பியத் தேவாலயங்களின் கூர்வளைவுப் பாணியையே கையாண்டார். நூதனசாலைக்கு இத்தாலிய மாளிகையின் பாணியைக் கொண்டார். கண்டது ஒன்று, கட்டியது ஒன்று. அரசாங்க உத்தியோகத்தர் பாடு எக்காலத்தும் இப்படித்தான் போலும்.

வரைந்த கை அயல்நாட்டாருடையது. எழுப்பிய கை நம்மவருடையது. நூதனசாலையையும் பழைய நகர மண்டபத்தையும் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் தமிழ் பேசும் முஸ்லிம் பெருமகன். நூதனசாலை திறந்த நாளிலே, என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி கிரெகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடிவைத்தால் போதும் என்று அவர் விடை கூறினார் என ஒரு கதை வழங்குகின்றது. அவர் நகரத்தில் எழுப்பிய கட்டடங்கள் பல. ஸ்மிதரின் பெயர் கட்டடக்கலை நூல்களில் இருக்கின்றது. மரிக்காரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அந்தப் பழைய மண்டபம் சபைக்கு உதவாமற் போனபின் சந்தையாகிப் பிறகு பழம் பொருள்கள் வைக்கும் இடமாயிற்று. மேல்மாடியிலே, முற்காலச் சபையினர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆலோசிப்பதுபோல ஆளுயரப் பாவைகள் செய்து வைத்தார்கள். ஆக, பாவைகள் அங்கே உண்டு. ஆனால் அவை சபையினருடைய பாவைகள். கண்ணீர் உகுக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல.

நிற்க. நகர மண்டபம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டுமா? கொழும்பு மண்டபம் திறந்து நான்கே ஆண்டுகள் கழித்து, 1932ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, வட அமெரிக்காவிலே ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ என்னும் நகரத்தில் ஒரு நகர மண்டபம் திறந்துவைக்கப்பட்டது. அங்கே குடியேறிய பழைய மாணவர் ஒருவர் அதன் படங்களைக் கட்டாக அனுப்பியிருந்தார். ஒரு கிழமையாக அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1925ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரைக் கொண்டு 'ஆர்ட் டெக்கோ' எனப் பின்னாளில் அழைக்கப்பட்ட பாணி ஒன்று உண்டு. நேர்கோடும், படிப்படியாகக் குறுகி உயரும் அடுக்கும், விரிகதிரும், வளைந்த மூலையும் அதன் அடையாளங்கள். பஃபலோ மண்டபம் அப்பாணியின் பெரும் படைப்புகளுள் ஒன்று. 32 மாடி, 398 அடி உயரம். ஜோன் வேட் என்பவர் தலைமைச் சிற்பி. உலகம் முழுதும் பொருளாதார மந்தத்தால் வாடிய காலத்தில் ஏறக்குறைய 68 இலட்சம் டொலர் செலவிட்டு எழுப்பினார்கள். உச்சி பல நிற ஓடுகள் பதிக்கப்பெற்றுக் கதிர் விரிவதுபோல விளங்குகின்றது. பதின்மூன்றாம் மாடியிலுள்ள சபா மண்டபத்தின் கூரையிலே நிறக்கண்ணாடியால் அமைந்த ஞாயிறு. அதன் கதிர்களின் கீழிருந்தே சபையினர் வாதாடுகின்றார்கள்.

என் கண்ணை நிறுத்தியவை உயரமும் ஓடும் அல்ல. வாசலின் மேலே அல்பர்ட் ஸ்டூவர்ட் என்னும் சிற்பி செதுக்கிய புடைப்புச் சிற்ப வரிசை. அங்கே தேவரும் இல்லை, தளபதியரும் இல்லை. உருக்காலையிலும் துறைமுகத்திலும் உழைக்கும் அந்நகரத்து மக்களே நிற்கின்றார்கள். கீழ்மண்டபச் சுவர்களில் வில்லியம் டொட்ஜ் தீட்டிய ஓவியங்கள். ஒன்று அந்நகரத்தின் பல்வகைத் தொழில்களைக் காட்டுவது. மற்றொன்று கனடா நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட எல்லையிலே அரண் ஒன்றுமின்றி இரு நாட்டாரும் நட்போடிருப்பதைக் காட்டுவது. அந்நிலத்தின் ஆதிக்குடிகளாகிய இரோகுவாய் மக்களின் கோலவடிவங்களும் ஓடுகளிலும் கற்களிலும் இடம்பெற்றுள்ளன. ஆதிக்குடிகளை நிலத்தைவிட்டுத் துரத்தியபின் அவர்தம் கோலத்தை மட்டும் சுவரிலே வைத்துக்கொண்டமை வேறு கதை. அதனையும் மறவாமல் சொல்லிவிடவேண்டும். எனினும் வரி கட்டவும் விண்ணப்பங் கொடுக்கவும் போகும் ஒரு தொழிலாளி, தன்னைப்போன்ற ஒருவனை வாசலின்மேற் கண்டு உள்ளே நுழைகின்றான் அல்லவா?

இந்த ஆர்ட் டெக்கோ நமக்கு வராமற் போயிற்றோ எனின், வந்தது. நகர மண்டபத்துக்கு வரவில்லை. எழுதுவினைஞர் வீடுகளுக்கு வந்தது. வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் நடந்தவர்கள் நினைவுகூர்வார்கள். 1930களிலும் 1940களிலும் எழுந்த வீடுகள். மூலையிலே அரைவட்டமாக வளைந்த பல்கனி. கப்பலின் சாளரம்போல வட்டமான சிறு யன்னல். யன்னல்களின் மேலே நீண்ட வெயில்மறைப்பு. முகப்பிலே மூன்று வரையாகச் சீமெந்துக் கோடு. இரும்புப் படலையிலே உதயசூரியன். கோட்டையில் 1940களின் தொடக்கத்திலே சுவிஸ் நாட்டவர் எழுப்பிய பௌர்ஸ் கட்டடமும், சில திரையரங்குகளும் அக்காலத்துப் புதுமைப் பாணியின் பெரிய உருக்கள். ஒழுங்கை வீடுகள் அதன் சிறிய உருக்கள். சென்னையிலே பாரிமுனையில் 1940இல் எழுந்த டேர் மாளிகையும் இவ்வினத்ததே. மும்பாய் நகரத்தின் இத்தகைய கட்டட வரிசையை 2018ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

இப்பாணி நம் நடுத்தர வகுப்பாருக்கு ஏன் பிடித்தது என்று எண்ணிப் பார்த்திருக்கின்றேன். கருங்கல்லிலே சிற்பஞ் செய்விக்கப் பெருஞ்செல்வம் வேண்டும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை 1907 முதல் 1912 வரை கருங்கல்லிலே புதுக்கினார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அது இராமநாதனுக்கு இயலும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கக் கந்தோரில் உழைத்து, கடன்பட்டுக் காணி வாங்கிய ஒருவருக்கு இயலுமா? கம்பியுஞ் சீமெந்தும் வந்தன. கைத்திறமுள்ள ஒரு மேசன் இருந்தாற் போதும். ஈரச் சீமெந்திலே ஞாயிறும் வரும், தாமரையும் வரும். சிலர் விரிகதிரின் நடுவிலே ஓங்காரத்தையோ வேலையோ வைப்பித்தார்கள். சிலர் தந்தையார் பெயரை வீட்டின் பெயராக முகப்பிலே தமிழில் எழுதுவித்தார்கள். பாரிஸ் நகரத்தார் இதனைக் கண்டிருந்தால் தம் பாணி என்று அறிந்திருப்பார்களோ என்னவோ. நமக்கு அது நம்முடையதாகிவிட்டது.

இது புதுமையுமன்று. மணிமேகலையிலே சோழன் பூம்பொழிலில் நின்ற மண்டபத்தைச் சாத்தனார் கூறும்போது, மகத நாட்டு வினைஞரும், மராட்டக் கம்மரும், அவந்திக் கொல்லரும், யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி அதனை இயற்றினர் என்கின்றார். யவனர் வரக்கூடாது என்று தமிழர் சொல்லவில்லை. யவனரே போதும் என்றும் சொல்லவில்லை. 'கூடி' என்பதே அங்கு உயிரான சொல். ஒழுங்கை வீட்டு மேசன் கூடினான். நகர மண்டபத்து முகப்பிலே அந்தக் கூட்டம் நிகழவில்லை.

அவ்வீடுகள் இப்பொழுது எங்கே? 1983ஆம் ஆண்டு யூலையிலே எரிந்தன சில. அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு யான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எரியாது எஞ்சியவற்றை விலையேற்றம் விழுங்குகின்றது. உடன்பிறந்தார் நால்வர் நான்கு நாடுகளில் இருந்தால் பழைய வீட்டை யார் பார்ப்பது? விற்கின்றார்கள், இடிக்கின்றார்கள், தொடர்மாடி எழுகின்றது. விற்பவரைக் குறை கூறேன். இருக்க இடம் வேண்டுவோர்க்கு மாடிவீடும் வேண்டியதே. ஆனால் இடிக்கும் முன்பு ஒரு படமாவது எடுத்தார்களா? எங்கள் ஒழுங்கையிலே மூலைவீட்டை இடித்தபோது, உதயசூரியப் படலையைப் பழைய இரும்பு வாங்குபவர் தராசிலே வைத்து நிறுத்ததைக் கண்டேன். எத்தனை கிலோ என்று கேட்க மனம் வரவில்லை.

மீண்டும் மண்டபத்துக்கு வருவோம். மண்டபம் திறந்த 1928ஆம் ஆண்டிலேயே டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கையும் வெளிவந்தது. 1931இல் ஆணும் பெண்ணுமாகிய யாவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதுவரை ஆட்சியாளர் நியமித்த ஆங்கில உத்தியோகத்தரே நகரசபைத் தலைவர். 1937ஆம் ஆண்டு தேர்தல் வழியாக முதலாவது மாநகர முதல்வராயினார் வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து. அவர் ஒரு தமிழர். கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்கின் பிரதிநிதியாக அவருடைய மனைவியார் நேசம் சரவணமுத்து 1932இலேயே அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். 2018ஆம் ஆண்டு ரோசி சேனாநாயக்க மாநகரசபையின் முதலாவது பெண் முதல்வரானார். ஆக, உள்ளே இருந்தவர்கள் மாறினார்கள். முகப்பு மட்டும் 1924ஆம் ஆண்டுப் பேரரசு நாளிலேயே நின்றுகொண்டிருக்கின்றது.

யாருடைய உருவம் அங்கே வேண்டும் என்று என்னைக் கேட்டால், மாநகர முதல்வர்களின் சிலை என்று சொல்லமாட்டேன். சிலைகள் நமக்குப் போதும். துறைமுகத்திலே மூடை சுமந்தவர்; 1929ஆம் ஆண்டு வேலைநிறுத்தஞ் செய்த டிராம்வண்டித் தொழிலாளர்; மீன் விற்கும் பெண்; புறக்கோட்டை நாட்டாமை. எல்லாருக்கும் முன்பாக, விடியுமுன் தெருக்கூட்டும் மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளி. இத்தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் பலர் தலைமுறை தலைமுறையாக இந்நகரத்தின் அழுக்கைச் சுமந்தார்கள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இளங்கோவடிகளின் பாவை அங்கே நின்றிருந்தால் அதன் கண்கள் உலர்ந்திரா. அவர்களுக்குச் சம்பளம் எழுதப்பட்டது அந்த மண்டபத்திலேதான்.

செய்வதற்குக் கலைஞர் இல்லையென்று ஒருவரும் சொல்லவியலாது. பஃபலோவிலே டொட்ஜ் தீட்டிச் சில ஆண்டுகளுக்குள், 1939-40இல், பொரளை கோதமி விகாரையின் சுவர்களிலே ஜோர்ஜ் கீற் புத்தபிரானின் வரலாற்றைத் தீட்டினார். நகர மண்டபத்திலிருந்து அது நெடுந்தூரமன்று. பழமையும் புதுமையும் ஓரே கோட்டிலே ஓடும் ஓவியங்கள் அவை. மாநகரசபை அன்று அவரை அழைத்து ஒரு சுவரைக் காட்டியிருந்தால்! இன்றும் நுண்கலைத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர் வெளிவருகின்றார்கள், சுவர்தான் இல்லை.

மரபுச் சின்னமாகிய கட்டடத்திலே கை வைக்கலாமா என்று கட்டடக்கலை அறிந்த அன்பர் ஒருவர் வாதாடினார். வெளி முகப்பிலே உளி படக்கூடாது என்பதே என் கருத்தும். பிழையாகக் கட்டிய கட்டடமன்று அது. பிறர் கனவிலே கட்டியது. அக்கனவும் வரலாறே. ஆனால் உள்ளே சுவர்கள் இருக்கின்றன. வளவிலே மதில் இருக்கின்றது. பொதுமக்கள் வரிசையிலே காத்துநிற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே தீட்டலாம், பதிக்கலாம். மூன்று மொழியிலும் பெயர் பொறிக்கலாம். அப்பொழுது தமிழை மட்டும் அச்சேற்றுமுன் தமிழறிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பொதுவிடப் பெயர்ப்பலகைகளிலே காணும் தமிழுக்கு அழ நமக்கு ஒரு பாவை போதாது.

2028இலே நூற்றாண்டு வரும். வெள்ளையடிப்பார்கள்; மின்விளக்குத் தொங்கவிடுவார்கள்; மலர் ஒன்று வெளியிடுவார்கள். அம்மலருக்கு யான் ஒரு செய்தி தருகின்றேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழுந்த அந்த வீடுகளைக் கட்டுமுன், சட்டப்படி ஒவ்வொருவரும் வரைபடத்தை மாநகரசபைக்குக் கொடுத்து அனுமதி பெற்றிருப்பார்கள். வளைந்த பல்கனியும், வட்ட யன்னலும், நீலத்தாளிலே வெண்கோடாக ஒருநாள் அந்த மண்டபத்து மேசைகளின்மேல் விரிந்திருக்கும். உத்தியோகத்தர் ஒருவர் முத்திரை குத்தியிருப்பார். அத்தாள்கள் அலுமாரிகளில் எஞ்சியிருந்தால், செல்லரிக்குமுன் வெளியே எடுத்து, நூற்றாண்டு நாளிலே அம்மண்டபத்தின் உள்ளேயே மக்கள் பார்க்க விரித்துவைக்கட்டும். எங்கள் ஒழுங்கை மூலைவீட்டின் தாளும் அவற்றுள் இருந்தால், அந்தப் படலையிலே கதிர்கள் எத்தனை என்று எண்ணிக்கொள்வேன். ஒன்பது என்று யான் சொல்கின்றேன்; பதினொன்று என்று அயல்வீட்டார் சாதிக்கின்றார்.